மருந்தடிக்காத வரிசை

புது மருந்து ஒன்று வேலை செய்கிறதா இல்லையா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

எங்கள் பக்கம் திராட்சைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் புது மருந்தோடு வருவான். லேப்டாப்பைத் திறந்து, கோடு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று காட்டுவான். டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்கள். அப்புறம் தோட்டத்தில் அடிக்கும்போது ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் அடிக்காமல் விட்டுவிடுவார்கள். மற்ற கொடியெல்லாம் தெளிந்து அந்த ஒரு வரிசை மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தால் மருந்து நல்ல மருந்து. அந்த வரிசையும் சேர்ந்து தெளிந்திருந்தால் நோய் தானாகப் போயிருக்கிறது, மருந்துக்கு அதில் வேலையில்லை. ஒரு வரிசைப் பழம் போனால் போகிறது, உண்மை தெரிந்துவிடும். அந்த வரிசைக்காக யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் பெயர் ஏசுதாசன். உத்தமபாளையத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தேன். இப்போது ஓசூரில் ஒரு அறையில் தனியாக இருக்கிறேன். இங்கே ரோஜா வளர்க்கிறார்கள். அவர்கள் என்ன மருந்தடிக்கிறார்கள் என்று நான் யாரையும் கேட்பதில்லை.

என் மனைவி சுகிர்தம் சர்ச்சில் பாடுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்ன வயதிலிருந்து பாடிய கீர்த்தனையின் நடுவில் அவளுக்கு வார்த்தை வரவில்லை. எல்லோரும் பாடிக்கொண்டிருக்க அவள் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்தோம். மூளையில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் செய்து, ரேடியேஷன் கரண்டும் வைத்து அனுப்பினார்கள். அது திரும்ப வளர்ந்தது. அதன்பிறகுதான் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு ஆஸ்பத்திரியைச் சொன்னார்கள்.

அங்கே டாக்டர் லேகா என்று ஒருவர். சின்ன வயது. தமிழ் பேசுவார், நடுவில் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

"இவங்க கட்டியில இருந்து ஒரு துண்டு எடுத்து, அதுல உள்ள எல்லாத்தையும் படிச்சு, அதே மாதிரி ஒரு கட்டிய கம்ப்யூட்டருக்குள்ள உண்டாக்கியிருக்கோம்," என்றார். "மருந்த முதல்ல அதுக்குக் குடுத்து நோக்குவோம். ரெண்டு ரெண்டு மருந்தா, ஆயிரக்கணக்கான ஜோடி. எதுக்கு அந்தக் கட்டி சுருங்குதோ, அந்த ஜோடிய மட்டும் இவங்களுக்குக் குடுப்போம். ஆளுக்கு ஆள் ஜோடி மாறும்."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

சுகிர்தத்துக்கு வந்த ஜோடியில் ஒன்று சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை. இன்னொன்று மலேரியாவுக்குக் கொடுக்கிற மருந்து, மஞ்சள் கேப்சூலில் அடைத்தது. மண்டைக்குள் இருக்கிற கட்டிக்குக் கொசுக்கடி மருந்து. விற்காமல் தங்கிய சரக்கைப் புது நோய்க்கு நல்லது என்று தள்ளிவிடுவது எங்கள் தொழிலில் உண்டு. நானும் தள்ளியிருக்கிறேன். அதனால் எனக்குச் சந்தேகம் வந்தது என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

சென்னையில் இன்னொரு டாக்டர், மறுபடி ஆபரேஷன் செய்யலாம், ஆனால் பேச்சு போனாலும் போகும் என்றார். இந்தக் கேப்சூலை நம்பி உட்கார்ந்திருப்பதா, சுகிர்தத்தின் பேச்சைக் கொடுத்து உயிரை வாங்குவதா? தப்பாக முடிவு செய்தால் அவள் போய்விடுவாள். எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டியிருந்தது. நான் செய்தது எல்லாம் இதற்காகத்தான்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டைச்சாமிக்கு வலிப்பு வந்தது. அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், என் கடைக்குப் பழைய வாடிக்கை. பந்தலுக்கு அடியில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறார். மருந்து ஏறிவிட்டது என்று நினைத்து, என்ன மருந்து என்று கேட்க ஆட்கள் என் கடைக்கு ஓடிவந்தார்கள். மருந்தில்லை. தேனியில் ஸ்கேன் எடுத்ததில் கட்டி என்று தெரிந்தது. சுகிர்தத்துக்கு இருந்த அதே ஜாதிக் கட்டி.

நான்தான் அவரைக் கேரளத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரிடம் நான்தான் பேசினேன். அவர் மனைவி சோணையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பெறந்த பெறப்புகூட இப்பிடிச் செய்யாது அண்ணாச்சி," என்று அழுதாள்.

கோட்டைச்சாமிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. திரும்பி வரும்போது காரில் ஓயாமல் பேசினார்.

"எம் மூளைய கம்ப்யூட்டருக்குள்ள இன்னொன்னு செஞ்சு வச்சிட்டாகளாம்ல. ஏ சோணை, கேட்டியா?"

"இருக்கிற மூளைய வச்சே ஒன்னும் கிழிக்கல. இதுல ரெண்டாவது வேறயா?"

"அங்கன இருக்கிற கோட்டைச்சாமிக்குப் பொண்டாட்டி இல்லையாம்டி. அதான் கட்டி டக்குன்னு சுருங்கிருச்சாம்."

சுகிர்தம் முன்சீட்டிலிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கோட்டைச்சாமிக்கு வந்த ஜோடியில் ஒன்று வேறு. இன்னொன்று அதே மஞ்சள் கேப்சூல். டாக்டர் இதைச் சொன்னபோது, ரெண்டு பேர் கட்டிக்கும் நல்ல ஒற்றுமை இருக்கிறது என்றார். அங்கே வந்த மற்ற யாருக்கும் அப்படி ஒற்றுமை இல்லையாம்.

மாதா மாதம் அவ்வளவு தூரம் எல்லோரும் போக முடியாது. ரெண்டு பேருக்கும் மருந்து வாங்கி வருகிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். கடையில் மதிய நேரம் கூட்டம் இருக்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கோட்டைச்சாமியின் மஞ்சள் கேப்சூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, குளுக்கோஸ் பொடியை அடைத்து மூடினேன். அவருடைய இன்னொரு மாத்திரையை நான் தொடவில்லை. ரெண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

கொட்டிய மருந்தை நான் விற்கவில்லை. சுகிர்தத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கவும் இல்லை. ஒரு டப்பாவில் போட்டு, ஈரம் படாமல் வைத்தேன். அடுத்தவர் பொருளை எடுக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. உண்மை தெரிந்ததும் அவருக்கே திருப்பிக் கொடுப்பதாகத்தான் இருந்தேன்.

இதைக் கேட்கிறவர்களுக்குக் கோபம் வரலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் கூட்டிப்போகாவிட்டால் அந்த மருந்து அவருக்குக் கிடைத்தே இருக்காது. கிடைக்காத ஒன்றை அவரிடமிருந்து நான் எப்படிப் பறித்திருக்க முடியும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்து என் கடை வாசலுக்குச் செய்தி வந்ததே, அவரைக் கூட்டிப்போகலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என்ன கட்டி என்று தெரிந்த பிறகுதான் தோன்றியது. சுகிர்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வேண்டும் என்று நான் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஸ்கேனில் சுகிர்தத்தின் கட்டி பாதியாகியிருந்தது. கோட்டைச்சாமியின் கட்டி வளர்ந்திருந்தது.

மருந்து நல்ல மருந்து. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சென்னை டாக்டருக்குப் போன் பண்ணி, ஆபரேஷன் வேண்டாம் என்றேன். அந்த வாரம் சுகிர்தம் சர்ச்சில் பாடினாள். ஒரு வார்த்தை தவறவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, என் தொண்ட பழசு மாதிரி இருக்கா? பொய் சொல்லக் கூடாது," என்று கேட்டாள். பழசைவிட நன்றாக இருக்கிறது என்றேன். "பாத்தீகளா, இதான் பொய்," என்றாள்.

அப்போதே டப்பாவைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு அறுப்பை வைத்து மருந்தை நம்புகிறவன் திராட்சைக்காரன் இல்லை. இன்னொரு அறுப்பும் பார்க்க வேண்டும். சீதோஷ்ணம் மாறலாம், கொடிக்குக் கொடி பலம் வித்தியாசப்படலாம். அதுவுமில்லாமல், அவர் திடீரென்று தெளிந்தால் டாக்டர் ஏன் என்று கேட்பார். அந்த யோசனையும் இருந்தது. ஆனால் அது முக்கியமான காரணம் இல்லை.

நான் கோட்டைச்சாமியைப் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் மருந்தை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இழுத்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பந்தலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பய தெளிஞ்சிட்டானாம் அண்ணாச்சி," என்றார் ஒருநாள். "டாக்டரம்மா சொல்றாக. கணக்குப்படி நானும் தெளிஞ்சிருக்கணுமாம். நாந்தான் ஏமாத்திக்கிட்டிருக்கேன்."

"அப்பிடியெல்லாம் இல்ல. கொஞ்சம் லேட்டாக் கேக்கும்."

"உங்க பேரக் கெடுத்துட்டேன். சிபாரிசு பண்ணிக் கூட்டிப் போனீக. இப்பிடி ஒதவாத ஆளக் கூட்டிப் போய்ட்டமேன்னு இருக்கும் உங்களுக்கு."

அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அவர் உபயோகமாகத்தான் இருந்தார்.

பிறகு ஒரு மத்தியானம் சோணையம்மாள் கடைக்கு வந்தாள். பக்கத்தில் நின்ற ஆள் பூச்சிமருந்து வாங்கிக்கொண்டு போகும்வரைக்கும் ஓரமாக நின்றாள்.

"ஒரு சந்தேகம் அண்ணாச்சி."

"சொல்லு ஆத்தா."

"அவுகளுக்கு இப்ப முழுங்க வரல. அந்த மஞ்ச மாத்திரையப் பிரிச்சு கஞ்சியில கலந்து குடுத்தேன். வெரல்ல ஒட்டுனத நக்கிப் பாத்தேன். இனிக்குது."

"சரி."

"சுகிர்தமக்கா ஏப்பத்துலகூடக் கசக்குதுன்னுல்ல சொன்னாக? கொடலப் பொரட்டுதுன்னாக."

"அது அவளுக்குன்னு கம்ப்யூட்டரு எடுத்துக் குடுத்தது. இது அவருக்குன்னு எடுத்தது. ஆளுக்கு ஆள் மாறும்னு டாக்டரம்மா சொன்னாகள்ல?"

"ரெண்டும் ஒரே நெறமா இருக்கு."

"பன்னீர்த் தெராட்சையும் ஒரே நெறந்தான். எல்லாத் தோட்டத்துலயும் ஒரே ருசியாவா இருக்கு?"

அவள் தலையாட்டினாள். "அதுவுஞ் சரிதான்," என்றாள். முந்தானை முடிச்சில் ஒரு கேப்சூல் இருந்தது. அதைக் காட்டுவதற்காகத்தான் கொண்டுவந்திருக்கிறாள். "இங்கன குடு, என்னன்னு பாக்கறேன்," என்று கையை நீட்டினேன். "இருக்கட்டும் அண்ணாச்சி," என்று முடிச்சை இறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். இன்றைக்கும் அது அவளிடம் இருக்கலாம்.

அவள் பஸ் ஏறிய பிறகு, டப்பாவில் சேர்த்து வைத்திருந்த மருந்தைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோனேன். காலாவதியான சரக்கைப் புதைக்க அங்கே ஒரு குழி உண்டு. கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். ஆற்றில் கொட்டுகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கிறது.

அடுத்த ஸ்கேனுக்கு முன்பே கோட்டைச்சாமி போய்விட்டார். கேதத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் பக்கம், கேதத்துக்கு யாராவது வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் வந்தவரைப் பார்த்ததும் சத்தத்தை உயர்த்தி அழுவார்கள். வந்தவருக்கு அது மரியாதை. சோணையம்மாள் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள். நான் மாலையைப் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து வரும்வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. நான் தெருமுனை திரும்பிய பிறகு அழுகைச் சத்தம் மறுபடி கேட்டது.

அந்த மாதக் கடைசியில் சுகிர்தத்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன். கட்டி இன்னும் சுருங்கியிருந்தது. சுகிர்தம் சேலை முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ரெண்டாவது அறுப்பும் கைக்கு வந்துவிட்டது.

டாக்டர் லேகா மட்டும் சிரிக்கவில்லை.

"கோட்டைச்சாமி சார் போனது எங்களுக்கு வலிய சங்கடம்," என்றார். "மருந்து உங்க கையாலதானே கொண்டுபோனீங்க? வழியில வெயில்ல எங்கயும் வைக்கலையே?"

"வைக்கல டாக்டர்."

"அவங்க வைஃப் போன்ல சொன்னாங்க, ஒரு வேளைகூட விடாமக் குடுத்தேன்னு. அப்ப எங்க கணக்குதான் தப்பு. அந்த மஞ்ச கேப்சூல் இந்தமாதிரிக் கட்டிக்குக் கேக்கும்னு கம்ப்யூட்டர் நெனச்சது தப்பு. அவர் விஷயத்த அதுக்குள்ள போட்டோம். ஒவ்வொரு பேஷண்டுக்கு நடக்கறதையும் வச்சு அது கத்துக்கும். இப்ப சுகிர்தம் சேச்சிக்கு மறுபடி ஓட்டிப் பாத்தா, அந்தக் கேப்சூல் ரொம்ப நாள் தாங்காது, கட்டி சீக்கிரம் திரும்பிக்கும்னு சொல்லுது. அதனால அத நிறுத்திட்டு வேற ஒன்னு போடறோம்."

"இப்ப நல்லாத்தானே இருக்கா?"

"இப்ப நல்லா இருக்காங்க. நல்லா இருக்கும்போதே மாத்தணும். கோட்டைச்சாமி சார் கட்டியும் இவங்க கட்டியும் அவ்வளவு ஒன்னுபோல. அவருக்கு நடந்தத பாத்துட்டு நாம சும்மா இருக்கக் கூடாது."

லேப்டாப்பைத் திருப்பினார். பழைய ஜோடிக்கு ஒரு கோடு, புது ஜோடிக்கு ஒரு கோடு. பழைய கோடு கொஞ்ச தூரம் இறங்கிப் பிறகு மேலே ஏறிப் போனது. நான் அடைத்த குளுக்கோஸ்தான் அப்படி ஏறிக்கொண்டிருந்தது.

அந்த அறையில், அந்த ஆஸ்பத்திரியில், எங்கே தேடினாலும், மஞ்சள் கேப்சூல் வேலை செய்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். ரெண்டு அறுப்பு பார்த்தவன். ஒரு வாக்கியம் போதும். கோட்டைச்சாமி அந்த மருந்தைச் சாப்பிடவில்லை என்று சொன்னால் போதும், டாக்டர் கம்ப்யூட்டரை மறுபடி ஓட்டியிருப்பார்.

"ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர்.

"இல்லை," என்றேன்.

சுகிர்தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் எப்படிச் சொல்வது? அவள் கோட்டைச்சாமியை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவள். சந்தோஷமாக இருந்த முகத்தை அன்றைக்கே கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஊருக்குப் போய், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து டாக்டருக்குப் போன் பண்ணிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அந்தப் புது ஜோடியைச் சாப்பிட்டும் அவள் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் உயிரோடு இருக்கவில்லை. கடைசி மூன்று மாதம் அவளுக்குப் பேச்சே இல்லை.

கோபத்தில் யாருக்கும் நான் எதையும் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கோட்டைச்சாமிமேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. எது செய்திருந்தாலும் சுகிர்தம் பிழைக்க வேண்டும் என்றுதான் செய்தேன். அந்த ஒன்றில் மட்டும் யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது குமுளி மலை இறங்கி லோயர் கேம்ப் வந்ததும் சுகிர்தம் கார் கண்ணாடியை இறக்கிவிட்டாள். மருந்துப் பை அவள் மடியில் இருந்தது.

"ஏங்க, அந்தக் கசப்பு இனிமே இல்லைல்ல?"

"இல்ல."

"அப்பாடா. அதச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு நாக்கே செத்துப் போச்சு." கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "பாவம் கோட்டைச்சாமியண்ணே. போறப்பவும் எனக்கு ஒரு நல்லதச் செஞ்சிட்டுத்தான் போயிருக்காக. அவுகளுக்குக் கேக்கலன்னு தெரிஞ்சதுனாலதான எனக்கு முன்கூட்டியே மாத்துனாக?"

"ஆமா," என்றேன்.

"நாளைக்கிச் சோணையப் போய்ப் பாத்து இதச் சொல்லணுங்க. கொஞ்சம் மனசு ஆறும்ல?"

கூடலூர் தாண்டி கம்பம் வரும்வரைக்கும் அவள் ஏதோ ஒரு பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டு வந்தாள். நான் வண்டியை ஓட்டினேன். டாக்டர் நம்பர் போனில் இருந்தது.

மறுநாள் காலை, மிச்சமிருந்த மஞ்சள் கேப்சூல்களைக் குப்பையில் போட்டுவிட்டு, புது மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சுகிர்தம் முகம் சுளிக்காமல் விழுங்கினாள். நான் கடை திறக்கப் போனேன்.